பழுது பார்த்தல்

2020ஆம் ஆண்டு கோடையில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. இரண்டுமே ஸ்வீடன் நாட்டுத் தயாரிப்பான ‘ஸாப் 900 டர்போ’. ஒன்று நான் இருபத்து நான்கு ஆண்டுகளாக வைத்திருந்தது. மற்றொன்று, அதற்கு உதிரிப் பாகங்கள் கொடுப்பதற்கென்றே விலைக்கு வாங்கி வந்தது. இரண்டும் ஓடவில்லை.

“வாசலில் ஓடுகிற கார் ஒன்று நின்றால் அது வசதி. ஓடாத கார் இரண்டு நின்றால் அதற்கு என்ன பெயர் சொல்வது?” என்று என் துணைவியார் கேட்டார். என்னிடம் விடையில்லை. “ஒன்றை அறுத்து ஒன்றுக்கு உயிர் கொடுக்கப் போகிறேன்” என்றேன். “அப்படியானால் இது கராஜ் இல்லை, கசாப்புக் கடை” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

வேடிக்கையாகச் சொன்ன அந்தச் சொல்லில் ஓர் உண்மை இருந்தது. எதை அறுப்பது, எதை வாழவைப்பது என்னும் கேள்வி பின்னர் என்னை மூன்று இரவுகள் உறங்கவிடாமல் செய்தது. அந்த அனுபவத்தையே வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வாப்பாவின் பூதக்கண்ணாடி

என் சொந்த ஊர் காயல்பட்டினம். எங்கள் ஊரார் பலரைப் போல என் வாப்பாவும் கொழும்பில் இரத்தினக்கல் வியாபாரம் செய்தவர்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறு பூதக்கண்ணாடி இருக்கும். ஒரு கல்லைக் கையில் எடுத்தால் முதலில் அதன் நிறத்தைப் பார்க்கமாட்டார்கள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, உள்ளே கீறல் உண்டா, புகை உண்டா என்றுதான் பார்ப்பார்கள். “அழகு தானாகக் கண்ணில் படும். பழுதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்” என்பது அவர்கள் அடிக்கடி சொல்லும் சொல்.

நான் 1984இல் இங்கிலாந்துக்கு வந்து, ஓர் ஆடை நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினேன். இயந்திரங்களைப் பற்றி எனக்கு எவரும் கற்றுக் கொடுத்ததில்லை. 1996இல், ஒன்பது ஆண்டு பழையதான ஒரு கருநீல ஸாப் காரை வாங்கினேன். பழைய கார் என்றால் பழுது வரும். பழுதுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் நாமே கற்றுக்கொள்ள வேண்டும். இப்படித்தான் கணக்கர் ஒருவர் வார விடுமுறை நாட்களில் மெக்கானிக் ஆனார்.

1998இல் வாப்பா எங்களோடு இரண்டு மாதங்கள் வந்து தங்கினார்கள். முன்னிருக்கையில் அமர்ந்து வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்கு வருவார்கள். ஸாப் காரில் சாவி போடும் துளை மற்றக் கார்களைப் போலத் திசைமாற்றி அருகே இராது. இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவே, தரையோடு ஒட்டி இருக்கும். கியரை ரிவர்ஸில் போட்டால்தான் சாவியை வெளியே எடுக்க முடியும். வாப்பாவுக்கு அது பெரும் வியப்பு. பள்ளிவாசல் வந்ததும் குனிந்து சாவியைத் தாமே எடுத்து என் கையில் தருவார்கள். ஊர் திரும்பிய மறு ஆண்டே அவர்கள் மௌத்தாகிவிட்டார்கள். அதன்பின் அந்த முன்னிருக்கை எனக்கு வெறும் இருக்கையாகத் தோன்றியதில்லை.

டர்போ என்பது என்ன?

இல்லத்தரசியருக்கும் விளங்கும்படி இதைச் சொல்லிவிடலாம். அடுப்பில் விறகு மந்தமாக எரிந்தால் ஊதாங்குழல் கொண்டு ஊதுகிறோம்; காற்று கூடினால் நெருப்பு கூடுகிறது. அடுப்பிலிருந்து வெளியேறும் புகையே, தான் போகிற போக்கில் ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு காற்றாடி அடுப்புக்குள் காற்றை ஊதினால் எப்படியிருக்கும்? அதுதான் டர்போ. சைலன்சர் வழியாக வீணாகிப் போகும் புகையின் விசையைப் பிடித்து, எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை அழுத்தி ஊட்டுகிறது. காற்று கூடும்போது பெட்ரோலும் கூட, சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்கிறது.

அந்தச் சிறு தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது. ஒருபுறம் செந்தணலாகக் காயும் புகை, மறுபுறம் வெளிக்காற்று. நடுவே அதைத் தாங்குவது எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். ஆகவே, வேகமாக ஓட்டி வந்த பழைய டர்போ காரை நிறுத்தியவுடன் எஞ்சினை அணைக்கக் கூடாது. ஒரு நிமிடமாவது சும்மா ஓடவிட வேண்டும். இல்லையேல் தண்டைச் சுற்றித் தேங்கிய எண்ணெய் வெப்பத்தில் கருகிக் கரியாகிவிடும்.

ஸாப் நிறுவனம் 1937இல் விமானம் செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. 1949 முதல் கார் செய்தது. 1977இல் அது காட்சிக்கு வைத்த ‘99 டர்போ’, குடும்பத்தினர் அன்றாடம் ஓட்டும் காரிலும் டர்போவைப் பொருத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது. அவ்வேலையில் முன்னின்றவர் பேர் கில்பிரான்ட் என்னும் பொறியாளர். எஞ்சினுக்குள் பெட்ரோல் தவறான தருணத்தில் வெடித்துத் தட்டினால், அத்தட்டலைக் கேட்டுக் காற்றழுத்தத்தைத் தானே குறைத்துக் கொள்ளும் ‘ஏ.பி.சி.’ என்ற அமைப்பும் அவருடைய ஆக்கமே.

அதை அடுத்து வந்த 900 கார் 1978 முதல் 1993 வரை ஒன்பது லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதன் பின் அதே பெயரில் வந்தது வேறு வகைக் கார். நிறுவனமோ 2011 டிசம்பரில் திவாலாகிவிட்டது. எண்ணெய் வடிகட்டி, பிரேக் கட்டை போன்றவை இன்றும் கிடைக்கின்றன. ஆனால் கியர் பாக்ஸ், இருக்கை, வயர்த் தொகுதி முதலியவற்றைப் புதிதாகச் செய்வார் இல்லை. ஒரு கார் பிழைக்க வேண்டுமானால் அதே இனத்துக் கார் ஒன்று தன் உறுப்புகளைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கும் காரை இங்கே ‘டோனர்’ என்கிறார்கள்.

ஓர் இரவில் கற்ற பாடம்

டோனர் காரின் கதைக்குப் போகுமுன் என் அறியாமையின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

டர்போ கொடுக்கும் அழுத்தத்துக்கு எல்லை கட்டுவது ஒரு சிறு கதவு. அக்கதவை இழுத்துப் பிடிக்கும் கம்பியின் நீளத்தைச் சில திருகுகள் குறைத்தால் கதவு தாமதமாகத் திறக்கும், அழுத்தம் கூடும், கார் பறக்கும். செலவு ஒரு காசும் இல்லை. 2003இல் நான் அதைச் செய்தேன். அழுத்தம் அளவு மீறினால் பெட்ரோலை நிறுத்திவிடும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று உண்டு. அது குறுக்கே வந்ததால் அதையும் ஒரு வயர்த் துண்டால் ஏமாற்றிவிட்டேன். இரண்டு வாரம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் லண்டனில் ஓர் உறவினர் வீட்டு நிக்காஹ் முடிந்து இரவில் எம்1 நெடுஞ்சாலை வழியே திரும்பிக் கொண்டிருந்தோம். பின்னிருக்கையில் என் மனைவியும், எட்டு வயது மகனும், நான்கு வயது மகளும். மழை கொட்டியது. ஏற்றமான ஓரிடத்தில் முன்புறமிருந்து தகர டப்பாவில் சரளைக் கற்களைக் குலுக்குவது போன்ற ஓசை எழுந்தது. நான் அழுத்திய காலை எடுப்பதற்குள் எஞ்சின் வலுவிழந்து, பின்னால் நீலப் புகை திரையாக எழுந்தது. பின்னே வந்த லாரியின் விளக்கொளி புகையில் பட்டுச் சிதறியதை நான் இன்னும் மறக்கவில்லை. அல்லாஹ்வின் கிருபையால் ஓரத் தடத்துக்கு ஒதுங்கிவிட்டோம். இழுத்துச் செல்லும் வண்டி வரும்வரை, ஒன்றரை மணி நேரம், தடுப்புக்கு அப்பால் மழையில் நின்றோம். மகள் தாயின் தோளில் நடுங்கிக் கொண்டே உறங்கினாள். மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எஞ்சினைத் திறந்தபோது ஒரு பிஸ்டனின் ஓரம் நகம் பெயர்ந்தது போல உடைந்திருந்தது. தட்டலைக் கேட்டால் ஏ.பி.சி. அழுத்தத்தைக் குறைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். குறைக்கும், ஆனால் அந்தக் கம்பி வகுத்த அடிப்படை அழுத்தத்துக்குக் கீழே அதனால் குறைக்க இயலாது. நானோ அடிப்படையையே உயர்த்திவிட்டேன். எச்சரிக்கும் காவலனைக் கையைக் கட்டிப் போட்டுவிட்டுக் கதவையும் திறந்து வைத்ததற்கு ஒப்பானது அது.

புதுப் பிஸ்டன்களைப் போட்டு, சிலிண்டர் ஹெட்டையும் செம்மை செய்து ஓட்டினேன். அதற்குமேல் அழுத்தத்தைத் தொடவில்லை. வலுவைக் கூட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தாங்குவதைப் பலப்படுத்த வேண்டும், பிறகு குளிர்விப்பதை, பிறகு நிறுத்துவதை. தள்ளுவதைக் கூட்டுவது கடைசி. நான் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தேன்.

டோனர் வந்த கதை

2018இல் கியர் பாக்ஸ் முனகத் தொடங்கியது. 900 காரில் எஞ்சின் 45 டிகிரி சாய்ந்து, முன்பின்னாகத் திரும்பி நிற்கும். கிளட்ச் ரேடியேட்டர் பக்கம் இருக்கும். கியர் பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில் அமர்ந்திருக்கும். இந்த விசித்திர அமைப்பால் எஞ்சினை இறக்காமலே கிளட்ச் மாற்றிவிடலாம் என்பது நன்மை. கியர் பாக்ஸைத் தொட வேண்டுமானால் எஞ்சினையும் சேர்த்தே தூக்கியாக வேண்டும் என்பது தீமை. இக்காரின் பலவீனமான இடமும் அதுவே. எண்ணெயை வடித்துப் பார்த்தேன். இரும்புத் துகள்கள் மின்னின. காரை மூடி வைத்துவிட்டேன்.

2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் அலுவலகங்கள் மூடப்பட, மென்பொருள் துறையில் பணியாற்றும் என் மகன் வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காக எங்களிடம் வந்தார். “வாப்பா, இதை இப்படியே துருப்பிடிக்க விடப் போகிறீர்களா?” என்று கேட்டவர் அவர்தான். எட்டு வயதில் எம்1 சாலையோரம் மழையில் நின்ற பிள்ளை என்னோடு சேர்ந்து அதே காரைத் திறக்க முன்வந்தது எனக்கு மன்னிப்புக் கிடைத்தது போலிருந்தது.

டோனர் தேடினோம். ஒரு விஷயத்தில் நாங்கள் உறுதியாக இருந்தோம். உரிமைப் பத்திரம் இல்லாத வண்டியிலிருந்து ஒரு திருகாணியும் வாங்குவதில்லை. எவர் வீட்டு வாசலிலிருந்தோ களவுபோன பொருள் நம் காரில் வந்து அமர்ந்துவிடக் கூடாதல்லவா? பல வாரங்களுக்குப் பின், லிங்கன்ஷயரின் ஒரு கிராமத்தில் 1990ஆம் ஆண்டின் சாம்பல்நிற 900 டர்போ ஒன்று இருப்பதை அறிந்தோம். உரிமையாளர் கணவரை இழந்த ஒரு மூதாட்டி. ஹெட் கேஸ்கெட் போய் வெண்புகை கக்கியதும் கணவர் அதைக் கொட்டகையில் நிறுத்தினாராம்; பழுது பார்க்குமுன் அவர் காலமாகிவிட்டார். பத்தாண்டுகளாக அசையாமல் நின்ற வண்டி அது.

“இதை ஓட்டப் போகிறீர்களா, பிரிக்கப் போகிறீர்களா?” என்று அம்மூதாட்டி கேட்டார். ‘ஓட்டப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டால் அவர் மனம் குளிரும். ஆனால் விற்பவரிடம் பொய் சொல்லி வாங்கும் பொருளில் பரக்கத் இராது. “பிரிக்கத்தான் போகிறேன், அம்மா. என்னிடம் இதே வகைக் கார் ஒன்று இருக்கிறது, அதைப் பிழைக்க வைக்க” என்றேன். சற்று நேரம் கொட்டகையைப் பார்த்தபடி நின்றார். “ஏதோ ஒன்று ஓடினால் சரி” என்று சாவியைக் கொடுத்தார்.

திறந்து பார்த்தோம்

பிரிப்பதற்கு முன் சோதிக்க வேண்டும். டோனரின் எண்ணெய் சுத்தமாக இருந்தது. தண்ணீர் அதில் கலக்கவில்லை. கியர் பாக்ஸ் எண்ணெயில் துகள் இல்லை; கையால் சுற்றியபோது ஓசையில்லை. டர்போவின் தண்டை விரலால் அசைத்துப் பார்த்தோம். பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் அசையக் கூடாது. காற்றாடி இதழ் கூட்டில் உரசிய தடம் இருக்கக் கூடாது. மூன்றிலும் அது தேறியது. மேலும், என் காரின் டர்போவைக் குளிர்விக்க எண்ணெய் மட்டுமே உண்டு. டோனரின் டர்போவுக்கோ தண்ணீர்க் குளிர்ச்சியும் உண்டு. பிரேக்கும் மூன்றாண்டு புதிய வகை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்போடு கூடியது.

வாடகைக்கு எடுத்த தூக்கியால் இரு கார்களின் எஞ்சினையும் கியர் பாக்ஸோடு சேர்த்து இறக்கினோம். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பிஸ்கட் டப்பாக்களில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டினோம். ஒரு வயரைப் பிடுங்குமுன் படம் எடுத்தோம். டோனரிலிருந்து எடுக்கவே கூடாதவற்றின் பட்டியல் ஒன்றையும் சுவரில் மாட்டினோம். பிரேக் ஹோஸ், தண்ணீர்க் குழாய் முதலான எல்லா ரப்பரும், எல்லா கேஸ்கெட்டும், ஹெட் போல்ட்டுகளும் அதில் அடங்கும். இவை எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் முதுமை அடைந்தவை. இரவல் வாங்கக் கூடாத பொருள்கள் வாழ்க்கையிலும் சில உண்டல்லவா?

எஞ்சின் இல்லாத காரில், அது வரை கண்ணுக்குத் தெரியாத இடங்கள் எல்லாம் வெளிப்பட்டன. பக்கத்து வீட்டிலிருந்த ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர் தேநீர்க் கோப்பையோடு வந்தார். முன்சக்கரங்களுக்கு அச்சு செல்லும் குகை போன்ற பகுதி இந்தக் கார்களில் துருவுக்குப் பேர்போனது. என் காரில் அவ்விடத்தைத் திருப்புளியால் மெல்லக் குத்தினார். அது அப்பளம் போல நொறுங்கி உள்ளே போயிற்று. மறுபக்கமும் அப்படியே. கதவுக்கு முன்னுள்ள தூணின் அடியிலும் அப்படியே. பிறகு டோனருக்குப் போனார். தட்டினார், குத்தினார், சுரண்டினார். உலர்ந்த கொட்டகையில் நின்ற அந்தக் காரின் இரும்பு மணி போல ஒலித்தது.

அவர் தம் மொழியில் சொன்னதன் பொருள் இது: “எஞ்சினை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குத் தூக்கலாம். உடம்பைத் தூக்க முடியாது.”

மூன்று இரவுகள்

எனக்கு அது விளங்கியது. ஆனால் விளங்காதது போல நடந்துகொண்டேன். “வெல்டிங் செய்தால் போயிற்று” என்றேன். தகடு வெட்டிப் பொருத்தும் செலவைக் கணக்கிட்டேன். கணக்கராக வாழ்நாளைக் கழித்தவன், தனக்கு வேண்டிய விடை வரும்வரை எண்களை மாற்றி மாற்றி எழுதினேன். முதலிரவு அப்படிக் கழிந்தது.

மறுநாள் மகன் மெதுவாகச் சொன்னார்: “வாப்பா, நம் வண்டிதான் டோனர்.” நான் கோபப்பட்டேன். “உன் அப்பா உட்கார்ந்த வண்டி இது” என்றேன். காயல் வழக்கில் பாட்டனாரை ‘அப்பா’ என்போம். அவர் பதில் பேசவில்லை. அன்றிரவும் உறக்கமில்லை.

மூன்றாம் இரவு இஷா தொழுதுவிட்டு, டார்ச் விளக்கோடு தனியே வெளியே போனேன். துருவின் ஓட்டைக்குள் வெளிச்சத்தைச் செலுத்தினேன். மறுபுறம் தரையில் வெளிச்சம் விழுந்தது. அந்தத் தகட்டை நம்பித்தானே என் மக்களை ஏற்றிக்கொண்டு போனேன் என்று உடல் நடுங்கியது. அப்போது வாப்பாவின் நினைவு வந்தது. ஒருமுறை கொழும்பில், பல ஆண்டுகள் தாமே ஆசையாக வைத்திருந்த ஒரு நீலக்கல்லை விற்க நேர்ந்தது. வந்தவர் பார்க்குமுன் தாமே பூதக்கண்ணாடியை வைத்து, “இதோ இங்கே ஒரு கீறல் இருக்கிறது” என்று காட்டிக் கொடுத்தார்கள். ஏன் சொன்னீர்கள் என்று நான் கேட்டதற்கு, “என் கல் என்பதால் கீறல் கீறலாகாமல் போய்விடுமா?” என்றார்கள்.

தமிழில் நாம் செப்பனிடுவதைப் ‘பழுது பார்த்தல்’ என்கிறோம். பழுதை நீக்குதல் என்று சொல்லாமல் பார்த்தல் என்று ஏன் சொன்னார்கள் என்பது அன்று எனக்கு விளங்கியது. பார்ப்பதுதான் கடினம். பார்த்துவிட்டால், நீக்குவது உழைப்பு மட்டுமே.

காலையில் மகனிடம், “நம் வண்டியே கொடுக்கட்டும்” என்றேன்.

கொடுத்தது எது, பெற்றது எது?

வேலை தலைகீழானது. டோனரின் சிலிண்டர் ஹெட் வளைந்து போயிருந்தது. 2003இல் செம்மை செய்த என் காரின் ஹெட் அதன் இடத்தில் அமர்ந்தது. என் காரின் முன்னிருக்கைகளும் இடம்பெயர்ந்தன. காரின் சட்டபூர்வமான அடையாளம் உடற்கூட்டில் பொறித்த எண்ணோடு சேர்ந்தது. அதை வெட்டி எடுத்து மற்றொன்றில் ஒட்டுவது குற்றம். ஆகவே என் காரின் எஞ்சிய கூட்டை அனுமதி பெற்ற உடைப்பு நிலையத்துக்கு ஒப்படைத்து, அழிக்கப்பட்டதற்கான சான்றிதழையும் பெற்றுக் கொண்டேன். லாரியில் ஏற்றிய கருநீலக் கூடு தெருமுனை திரும்பும்வரை நானும் என் துணைவியாரும் வாசலில் நின்றோம். முன்பு கேலி செய்தவர் அன்று, “உள்ளே வாருங்கள், தேநீர் ஆறுகிறது” என்று மட்டும் சொன்னார்.

மேம்படுத்தும் வேலையை இம்முறை வரிசைப்படி செய்தோம். பிரேக் குழாய்கள் அனைத்தும் புதிது. ரேடியேட்டர் புதிது. எஞ்சின் மூச்சுவிடும் குழாய்களும், வெற்றிடக் குழாய்களும் புதிது. ஆயிரம் மைல் பழைய அழுத்தத்திலேயே ஓட்டி, ஒழுகலும் தட்டலும் இல்லை என்று உறுதி செய்துகொள்வது என்று முடிவெடுத்தோம். அதற்குப் பின்னரே மகனின் ஆசையான ‘டிரயோனிக்’.

இது ஸாப் நிறுவனமே 1990களில் தன் 9000 வகைக் கார்களில் பொருத்திய எஞ்சின் நிர்வாகக் கணினி. பற்றவைப்பு, பெட்ரோல், டர்போ அழுத்தம் மூன்றையும் ஒன்றாகவே ஆளும். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியில் ஓடும் நுண்ணிய மின்னோட்டத்தை அளந்தே தட்டலை உணர்ந்துவிடும். உடைப்பு நிலையம் ஒன்றில் இருந்த 9000 காரிலிருந்து கணினி, பற்றவைப்புப் பெட்டி, அழுத்த உணரி, இன்ஜெக்டர், வயர்த் தொகுதி ஆகியவற்றை ரசீதோடு வாங்கினோம். எஞ்சினின் சுழல் நிலையைக் கணினிக்குச் சொல்லப் பல்சக்கரமும் உணரியும் கப்பியில் பொருத்தப்பட வேண்டும்; அதற்கு மட்டும் இரண்டு மாதம் ஆயிற்று. மென்பொருள் மகன் கையில். ஸ்பானர் என் கையில். பழைய 175 குதிரைத் திறனை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை எஞ்சினைக் கேட்டு முடிவு செய்யவில்லை. பலவீனமான கியர் பாக்ஸைக் கேட்டு முடிவு செய்தோம். தொழிற்சாலை 273 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுத்திருந்தது. அதைவிடச் சிறிதளவே கூட்டினோம். பாதுகாப்பு எல்லை எதையும் எதைக்கொண்டும் ஏமாற்றவில்லை.

2022 ரமலான் மாதத்தில் ஆண்டுச் சோதனையில் கார் தேறியது. நோன்புப் பெருநாள் தொழுகைக்கு அதிலேயே போனோம். பள்ளிவாசல் வந்ததும் முன்னிருக்கையிலிருந்த என் மகன் குனிந்து சாவியை எடுத்து என் கையில் தந்தார். அவருக்கு அதை எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெருநாள் கழிந்த வாரத்தில் லிங்கன்ஷயருக்குச் சென்றோம். முன்னரே தொலைபேசியில் தெரிவித்திருந்ததால் மூதாட்டி வாசலில் காத்திருந்தார். பிரிக்கப் போவதாகச் சொன்ன கார் ஓடி வருவதைக் கண்டு அவர் ஒன்றும் பேசவில்லை. சாம்பல்நிற பானட்டின் மேல் கையை வைத்தபடி சற்று நேரம் நின்றார். பிறகு முன்னிருக்கையில் ஏறி அமர்ந்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது எங்கள் இருக்கை இல்லையே” என்றார்.

“இல்லை அம்மா, அது என் தந்தையாருடையது” என்றேன்.

“அப்படியானால் இருவரையும் வைத்துக் கொண்டீர்கள்” என்றார் அவர்.

திரும்பும் வழியில் மகன்தான் ஓட்டினார். பின்னிருக்கையில் அமர்ந்திருந்த என் துணைவியார் உறங்கிக் கொண்டிருந்தார். காரைப் பற்றி இதைவிடப் பெரிய நற்சான்றிதழை நான் எவரிடமிருந்தும் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகன் எஞ்சினை உடனே அணைக்கவில்லை. ஒரு நிமிடம் ஓடவிட்டு, அதன் சூடு தணியும்வரை காத்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ்.